கண்ணாடியைப் பாராதவர்

1928-ஆம் ஆண்டையொட்டி எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்று. சுவரிலே கண்ணாடி. அருகே, ஒட்ட வெட்டிய தலைமுடியும் கட்டம் போட்ட மேலாடையுமாக ஒருவர். ஆணா, பெண்ணா? பார்த்த மாத்திரத்தில் கூற இயலவில்லை. கண்ணாடி பக்கத்திலிருந்தும் அவர் அதைப் பார்க்கவில்லை. நம்மையே பார்க்கிறார், 'நீ யார்?' என்று கேட்பதுபோல!

அவர்தாம் க்ளோட் காயூன். பிரான்சு நாட்டின் நாந்த் நகரில், 1894-இல், லூசி ஷ்வோப் என்ற பெயரோடு பிறந்த எழுத்தாளர். பெற்றோர் இட்ட பெயரை விடுத்து, பிரெஞ்சு மொழியில் இருபாலுக்கும் பொதுவான க்ளோட் என்ற பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார். பெயரோடு நின்றாரா? இல்லை. தலையை மழித்துக்கொண்டு ஒரு படம். 1927-இல், பளுதூக்கும் வீரன் வேடத்திலே ஒரு படம். மடிமீது இரும்புக் குண்டு, கன்னத்திலே தீட்டிய இதயம், சாயமிட்ட இதழ், மார்பிலோ, 'பயிற்சியில் இருக்கிறேன், முத்தமிடாதே' என்ற வாசகம்!

ஆண்மையின் அடையாளம் என உலகம் கூறுவதையும், பெண்மையின் அடையாளம் என அது கூறுவதையும் ஒரே உடல்மீது ஏற்றிவைத்து, இரண்டும் வேடமே என்று காட்டிவிடுகிறார். இதழிலே சாயம் உண்டு, அழைப்பு இல்லை. ஒப்பனை செய்துகொண்டவள் ஒப்புதல் தந்துவிட்டாள் என்று எண்ணும் மடமைக்கு, இதைவிடக் கூரிய மறுப்பு வேறென்ன வேண்டும்?

'தன்னைத் தானே படமெடுப்பது தற்பெருமையன்றோ?' எனக் கேட்பாருண்டு. தற்பெருமை கொண்டோர் தம் ஒரு முகத்தையே அழகுறக் காட்ட விழைவர். காயூனோ எந்த முகத்திலும் நிலைக்கவில்லை. அன்றியும், இப்படங்களில் பெரும்பாலானவை அவர் வாழ்நாளிலே பொதுமக்கள் பார்வைக்கு வரவேயில்லை. கைதட்டல் பெற அன்று, தம்மைக் கண்டறியவே எடுத்தார் என்போம்.

நமக்கொரு குறை உண்டு. அது காயூனிடம் அன்று. 'தன்னந்தனியே சாதித்தார்' என அவரைப் புகழ்வோரிடம். சில படங்களிலே படமெடுப்பவரின் நிழலும் விழுந்திருக்கிறது. பலவற்றில் விசையை அழுத்தியவர், மார்செல் மூர் என்ற புனைபெயர் கொண்ட ஓவியர் சுசான் மல்எர்ப் என்றே ஆய்வாளர் கருதுகின்றனர். அவர் காயூனின் வாழ்க்கைத் துணைவி. ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் காதலோடு கண்ட பார்வையும் இப்படங்களில் கலந்திருக்கிறது. அதை மறைப்பது, படத்தில் பாதியைக் கிழிப்பதாகும்.

வெறும் விளையாட்டு என்போர் எஞ்சியதையும் கேட்கட்டும். 1937-இல் இருவரும் ஜெர்சி தீவிலே குடியேறினர். 1940-இல் இட்லரின் படை தீவைப் பிடித்தது. 'பெயரற்ற படைவீரன்' என்று ஒப்பமிட்டு, ஜெர்மானியச் சிப்பாய்களிடையே துண்டறிக்கைகளைப் பரப்பினர் இருவரும். படத்திலே பழகிய வேடம் போர்க்கருவியாயிற்று! 1944-இல் கைது, மரண தண்டனைத் தீர்ப்பு, 1945-இல் விடுதலை. 1954-இல் காயூன் மறைந்தார். 1990-களிலேதான் உலகம் அவரைப் பரவலாக அறிந்தது.

இன்று கைக்குக் கை காமிரா. 'அடக்கமாக நில்' என்றொரு குரல். 'அழகாக நில்' என்றொரு குரல். இரண்டும் ஒரே எசமானின் குரலே. 'எப்படி நிற்பது என்பதை நானே முடிவு செய்வேன்' என்று கூறும் பெண்ணுக்குக் காயூனின் படங்கள் துணை நிற்கும். படம் சிறிது, பாடம் பெரிது!