நமக்கெதுக்குங்க வம்பு

பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2013இல் வந்தது. சாதி மீறிக் கல்யாணம் கட்டிய குமரேசன், சரோஜாவின் கதை. தர்மபுரி இளவரசனுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. முடிவில், குமரேசன் ஊரில் இல்லாத நேரம், கர்ப்பிணியான சரோஜா முள்புதருக்குள் ஒளிந்துகிடக்க, ஊரார் திரண்டு புதருக்குத் தீ வைக்கிறார்கள். படிக்கிறவருக்கு நெஞ்சடைக்கிறது. குற்றவுணர்வு வருகிறது. வரட்டும். யாருக்கு, எதற்காக வருகிறது என்பதுதான் நம் கேள்வி.

பிரதி பெரும்பாலும் சரோஜாவின் கண் வழியே நகர்கிறது. ஆகவே வாசிக்கிற சாதி இந்துவுக்கும் புதருக்குள் சரோஜா பக்கத்திலேயே இடம் கிடைத்துவிடுகிறது. தீப்பந்தம் பிடித்த கூட்டத்தில் தன் சித்தப்பனும் மாமனும் நிற்பதை அவர் பார்க்க வேண்டியதில்லை. சாதிப் பெயரும் சொல்லப்படவில்லை. 'எங்கூர்ல அப்படியெல்லாம் இல்லீங்க' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடலாம். பெயர் சொன்னால் இந்த மண்ணில் என்ன நடக்கும் என்பது தெரியாததல்ல. 'மாதொருபாகன்' எழுதியதற்காக 2015இல் அவரையே எழுத்தை விடும்படி செய்தார்கள். இருந்தாலும் பெயரில்லாத குற்றத்துக்கு யார் வேண்டுமானாலும் அழலாம், யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை. பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கௌசல்யாவையும் வெட்டினார்கள். சுற்றிலும் சனம் நின்றது கேமராவில் பதிவாகியிருக்கிறது. வெட்டியவர்கள் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்கள்.

அரிவாளுக்கு முன்னால் வெறுங்கையோடு போய் விழு என்று யாரையும் நாம் கேட்கவில்லை. பயம் மனுசனுக்கு உள்ளதுதான். ஆனால் அரிவாள் போன பிறகும் 'நமக்கெதுக்குங்க வம்பு' என்று வாயை மூடிக்கொள்வதற்குப் பெயர் பயம் இல்லை. அது சாதிக்குச் செய்கிற ஊழியம்.

வெட்டுப்பட்ட கௌசல்யாதான் பெற்றவர்களுக்கு எதிராகவே கூண்டேறிச் சாட்சி சொன்னார். 2017இல் திருப்பூர் நீதிமன்றம் அவர் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020இல் உயர்நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவருக்கும் ஆயுளாகக் குறைத்தது.

அதற்கு முந்தைய வருசம், 2015 ஜூன் 23, திருச்செங்கோடு மலைக்கோயிலிலிருந்து கோகுல்ராஜைக் கடத்தினார்கள். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. வழக்கில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். கோயில் கேமரா பிறழவில்லை. 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மனுசர் பின்வாங்கிய இடத்தில் ஒரு எந்திரம் சாட்சி சொல்லியிருக்கிறது. இதைவிட ஒரு சமூகத்துக்கு வேறென்ன அவமானம் வேண்டும்?

குற்றவுணர்வு மனசுக்குள் நடக்கிற சங்கதி. சாட்சி, ஊருக்கு முன்னால் நடக்கிற காரியம். சரோஜாவுக்காக அழுகிற எழுத்து நமக்கு நிறையக் கிடைத்துவிட்டது. இனி அந்தப் பேருந்து நிலையத்தில் நின்றவர் எழுதட்டும்: தான் என்ன சாதி, எத்தனை அடி தூரத்தில் நின்றேன், போலீஸ் கேட்டபோது என்ன சொன்னேன் என்று. கொங்கு இலக்கியத்தில் இன்னும் எழுதப்படாத நாவல் அதுதான்.