சித்ராங்கியின் பக்கம்

கையிலிருந்து நழுவிய புறா சிற்றன்னை சித்ராங்கியின் அரண்மனைக்குள் போய் அமர்கிறது. அதை மீட்க இளவரசன் சாரங்கதரன் உள்ளே நுழைகிறான். அரசன் வேட்டைக்குப் போயிருக்கிறான். உள்ளே இருப்பவளோ அந்த இளைஞனை ஓவியத்தில் பார்த்த நாளிலிருந்து மறக்க முடியாதவள். சாரங்கதரா நாடகத்தின் மொத்த விபரீதமும் இந்த ஒரு வாசலைத் தாண்டும் நொடியில் அடங்கியிருக்கிறது. அவள் கேட்கிறாள், அவன் மறுக்கிறான். திரும்பி வந்த அரசனிடம் அவள் பழியைப் புரட்டிச் சொல்ல, விசாரணை இல்லாமல் மகனின் கைகால்களை வெட்டச் சொல்கிறான் தகப்பன்.

மலேசியாவின் சுங்கை பெசார், சபாக் பெர்ணம் பக்கத்துப் பெரியவர்களிடம் சாரங்கதரா என்று சொன்னால் முதலில் டி.எம்.எஸ். குரல்தான் ஞாபகத்துக்கு வரும். 1958இல் வந்த படத்தில் ஜி.ராமநாதன் இசையில் அவர் பாடிய சாருகேசி ராகப் பாட்டு, இன்றைக்கும் மின்னல் பண்பலையில் ஒலித்தால் கேட்டவர் கை வேலையை விட்டுவிட்டு நிற்கிறார். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாட்டு தெரியும். அதைச் சுமந்து வந்த கதையின் வயதுதான் பலருக்குத் தெரியாது. ஏறக்குறைய 2,450 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் நகரத்து மேடையில் இதே கதை முதல் பரிசு வாங்கியிருக்கிறது.

யூரிப்பிடிஸ் எழுதிய ஹிப்போலிட்டஸ் அரங்கேறியது கி.மு. 428இல். அதற்கு முன்பே அவர் இந்தக் கதையை ஒருமுறை எழுதியிருந்தார். அதில் சிற்றன்னை ஃபீட்ரா வெட்கமில்லாமல் தானே மகனிடம் போய்க் கேட்டாள் என்று ஊர் முகம் சுளித்தது. இரண்டாவது முறை எழுதியபோது யூரிப்பிடிஸ் செய்த மாற்றத்தை எண்ணி எண்ணி வியக்கிறேன். இப்போது ஃபீட்ரா வாயே திறப்பதில்லை. மூன்று நாளாகச் சாப்பிடாமல் படுத்துக் கிடக்கிறாள். செத்தாலும் சொல்லக் கூடாது என்பது அவள் முடிவு. வளர்த்த தாதிதான் வார்த்தை வார்த்தையாகப் பிடுங்குகிறாள், பிறகு உதவுவதாக நினைத்து அவனிடம் சொல்லியும் விடுகிறாள். மானம் போனதை அறிந்த ஃபீட்ரா, பொய்ப்பழி எழுதிய பலகையைக் கையில் கட்டிக்கொண்டு தூக்கில் தொங்குகிறாள். ஹிப்போலிட்டஸோ ரகசியம் காப்பதாகத் தாதிக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டான். உண்மை தெரிந்தும் பேச முடியாமல் அப்பனின் சாபத்தை வாங்குகிறான். கடலிலிருந்து எழுந்த காளையைக் கண்டு மிரண்ட குதிரைகள் அவனை இழுத்துப் போய்ச் சிதைக்கின்றன.

ஏதென்ஸ் எங்கே, சாரங்கதரா கதை நடக்கும் கோதாவரிக் கரை எங்கே என்று தோன்றலாம். ஆப்கானிஸ்தானின் ஐ கானும் என்ற இடத்தில் கிரேக்கர் கட்டிய நாடக அரங்கின் சிதைவுகளும், ஒரு கிரேக்க நாடகத்தின் வரிகள் பதிந்த சுவடித் தடமும் அகழாய்வில் கிடைத்தன. அதற்குத் தெற்கே இருக்கும் தட்சசீலத்தில்தான் அசோகனின் மகன் குணாளன் கதையும் நடக்கிறது. அசோகாவதானம் சொல்கிற அந்தக் கதையில் இளைய அரசி திஷ்யரட்சிதை ஆசைப்படுகிறாள், மறுக்கப்படுகிறாள், அரசனின் முத்திரையைத் திருடி மகனின் கண்களைப் பறிக்க ஆணை அனுப்புகிறாள். முத்திரையைக் கண்ட குணாளன் கேள்வி கேட்காமல் கண்களைக் கொடுக்கிறான். இந்தக் கதை அங்கிருந்து நடந்து வந்ததா, இந்த மண்ணிலேயே முளைத்ததா என்ற வழக்கில் எனக்கு நாட்டமில்லை. வயதான கணவன், இளம் மனைவி, வளர்ந்த மகன் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த எந்த அரண்மனையிலும் இந்தப் பயம் இருந்திருக்கும்.

சாரங்கதராவின் தகப்பனாகக் கதை சொல்வது ராஜமகேந்திரபுரத்தை ஆண்ட கீழைச் சாளுக்கிய மன்னன் இராஜராஜ நரேந்திரனை. அவர் முதலாம் இராஜராஜ சோழனின் மகள் வயிற்றுப் பேரன். கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பிய இராஜேந்திர சோழனின் மருமகன். சரித்திரத்தில் அவருடைய மகன் கைகால் இழக்கவில்லை. 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன்தான் அந்த மகன். இப்படியொரு வாழ்ந்து செழித்த குடும்பத்தின் மேல் ஏன் இந்தக் கதை போய் ஒட்டிக்கொண்டது என்று யோசிக்கத் தோன்றுகிறது.

தஞ்சை இரகுநாத நாயக்கர் அவையில் இருந்த சேமகூர வேங்கடகவி இதைத் தெலுங்குக் காவியமாக்கினார். நாட்டார் மரபில் ஒரு சித்தர் வந்து வெட்டுண்ட கைகால்களை வளரச் செய்து கதையை மங்களமாக முடித்துவிடுவார். பெல்லாரியைச் சேர்ந்த தர்மவரம் இராமகிருஷ்ணமாச்சாரியார் அந்த ஆறுதலைத் தள்ளிவிட்டு ‘விஷாத சாரங்கதரா’ என்று சோகமாகவே முடித்தார். தெலுங்கின் முதல் துன்பியல் நாடகமாக அதைச் சொல்கிறார்கள். அவருடைய குழு 1891இல் சென்னைக்கு வந்து நடித்ததைப் பார்த்துத்தான் இளைஞர் பம்மல் சம்பந்த முதலியாருக்கு நாடக வெறி பிடித்தது, சுகுண விலாச சபை பிறந்தது. பம்மலும் ஒரு சாரங்கதரா எழுதினார், சங்கரதாஸ் சுவாமிகளும் எழுதினார். பிறகு சினிமா. 1936இல் கே.சுப்ரமணியத்தின் ‘நவீன சாரங்கதரா’வில் எம்.கே.தியாகராஜ பாகவதர் சாரங்கதரன், எஸ்.டி.சுப்புலட்சுமி சித்ராங்கி. 1941இல் ‘அசோக்குமார்’ படத்தில் அதே பாகவதர் குணாளனாக வந்து கண்களை இழந்தார். ஐந்து ஆண்டு இடைவெளியில் ஹிப்போலிட்டஸின் இரண்டு வாரிசுகளை ஒரே நடிகர் பாடி நடித்திருக்கிறார். உலகத்தில் வேறெங்கும் இப்படி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் என் மனம் நிற்கும் இடம் பாகவதரும் அல்ல, 1958 படத்தில் சாரங்கதரனாக வந்த சிவாஜியும் அல்ல. 1958இன் சித்ராங்கியான பி.பானுமதி. முந்தைய ஆண்டு தெலுங்குப் படத்திலும் அவர்தான் சித்ராங்கி. பானுமதியின் குரலுக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை. தலை நிமிர்ந்தே நிற்பவர். அப்படிப்பட்ட ஒருவர் ஓர் இளைஞனின் முன் தன்னை இறக்கிக்கொள்ளும்போது, தப்பு செய்கிறாள் என்ற எண்ணத்துக்கு முன்னால் இவளுக்கு என்ன செய்துவிட்டார்கள் என்ற கேள்வி வந்து நிற்கிறது.

அந்தக் கேள்விக்குக் கதையிலேயே பதில் இருக்கிறது. இந்த இடத்தில் நம் நாடகம் யூரிப்பிடிஸைத் தாண்டுகிறது என்றே சொல்வேன். ஃபீட்ராவின் மோகத்துக்குக் காரணம் ஆஃப்ரோடைட்டி என்ற தெய்வம். தன்னை வணங்காத ஹிப்போலிட்டஸைப் பழிவாங்க அவளைக் கருவியாக்குகிறாள். சித்ராங்கிக்கு எந்தத் தெய்வமும் தேவைப்படவில்லை. மகனுக்கென்று பேசிய பெண் அவள். மகனின் ஓவியத்தைக் காட்டி, பார்த்தவள் மனத்தில் அவனைக் கணவனாக வரித்துக்கொண்ட பிறகு, தகப்பனே அவளைத் தனக்கு மணமுடித்துக்கொண்டான். முதல் குற்றம் அரசனுடையது. கடைசியில் கைகால் வெட்டத் தீர்ப்பு சொல்லும் நாற்காலியிலும் அவனே உட்கார்ந்திருக்கிறான். இவ்வளவு கூர்மையான ஓர் அமைப்பைக் கையில் வைத்துக்கொண்டு, நம் மேடை நூறு ஆண்டுகளாக இளவரசனின் கற்பு நெறியையே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தது எனக்குத் தீராத வருத்தம்.

பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். 1677 ஜனவரி முதல் நாள் பாரிஸில் அரங்கேறிய ரசீனின் நாடகம் ஃபீட்ராவையே நடுவில் நிறுத்தியது. ஹிப்போலிட்டஸுக்கு வேறொரு காதலியைக் கொடுத்து, அதை ஃபீட்ரா அறியும் நொடியில் அவள் குற்ற உணர்ச்சியோடு பொறாமையும் சேர்ந்து எரியவைத்தார் ரசீன். அதற்குப் பிறகு பிரெஞ்சு மேடையின் பெரிய நடிகைகளுக்கெல்லாம் அந்த வேடம்தான் உரைகல். சித்ராங்கிக்கு அப்படியொரு நாடகாசிரியர் இன்னும் வாய்க்கவில்லை. மலேசியத் தமிழ் மேடையில் யாராவது எழுத முன்வந்தால், கடாரம் கொண்ட சோழனின் சம்பந்தி வீட்டுக் கதை என்ற உரிமையும் நமக்கு இருக்கிறது.

எழுதுகிறவர்கள் பக்கத்துக் கம்போங்கிலும் காது கொடுக்கலாம். இங்கே வயலோரத்தில் வாழும் ஜாவானிய, பஞ்சார் வழி மலாய்க் குடும்பங்களுக்கு நபி யூசுப்பையும் சுலைகாவையும் தெரியாமல் இருக்காது. குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் முழுக்க யூசுப்பின் வரலாறு. நம் மொழியிலும் சாரண பாஸ்கரன் ‘யூசுப் ஜுலைகா’ என்று காப்பியமே பாடியிருக்கிறார். ஆசைப்பட்டு, மறுக்கப்பட்டு, பழி சுமத்திச் சிறைக்கு அனுப்பியவள்தான் சுலைகாவும். ஆனால் பாரசீகக் கவி ஜாமி 1483இல் எழுதிய காவியத்தில் அழுதழுது கண் பார்வையை இழப்பவள் அவள். வயதாகி, தெருவோரக் குடிசையில் யூசுப்பின் குதிரைக் குளம்பொலிக்காகக் காத்திருக்கிறாள். அவர் வேண்டிக்கொள்ள அவளுக்குப் பார்வையும் இளமையும் திரும்புகின்றன, இருவருக்கும் திருமணமும் நடக்கிறது. குணாளன் கதையில் பறிபோய்த் திரும்பிய கண்கள் மகனுடையவை. ஜாமி அந்தக் கண்களை அவளுக்குக் கொடுத்துவிட்டார்.