கந்தூரி மேடையும் நம் செவிப்பழக்கமும்

திரைப்படத்தையோ ஒலிப்பதிவு நிறுவனத்தையோ சார்ந்திராமல் மேடையையே நம்பி இயங்கும் பாடகர்களையும் குழுக்களையும் ‘சுயாதீனக் கலைஞர்கள்’ எனக் குறிப்பது அண்மைக்கால வழக்கம். சென்னை போன்ற நகரங்களில் கிதாரும் டிரம்முமாக மேடையேறும் இளைஞர் குழுக்களைப் பற்றியே இச்சொல் பெரிதும் ஆளப்படுகிறது. ஆயின், நாகூர், முத்துப்பேட்டை, ஏர்வாடி, பொட்டல்புதூர் முதலிய ஊர்களையும் அவற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களையும் களமாகக் கொண்டு, கந்தூரிக்கும் மீலாது விழாவுக்கும் திருமணத்துக்கும் பாடிவரும் இஸ்லாமிய இன்னிசைக் குழுக்கள் இவ்வரையறைக்கு முற்றிலும் பொருந்துவன. இவற்றுள் பலவற்றின் பெயர் அடுத்த மாவட்டத்தார்க்குத் தெரியாது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் பற்றி நூல்களும் மாநாட்டு மலர்களும் ஏராளமாக வந்துள்ளன. அவ்விலக்கியத்தை இன்றும் குரலில் ஏந்தி வருவோரைப் பற்றிய திறனாய்வு அதற்கு ஈடாக வளரவில்லை. இக்குறைக்கு நம் செவிப்பழக்கமும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

முதலில் களத்தை வகைப்படுத்திக் கொள்வோம். வீடுவீடாகச் சென்றும் ரமலானில் சஹர் நேரத்தில் தெருக்களைச் சுற்றியும் தாயிரா தட்டிப் பாடும் பக்கீர்கள் ஒரு வகையினர். தர்காவைச் சார்ந்து, முறையான இசைப்பயிற்சி பெற்றுப் பாடிய வித்துவான்கள் மற்றொரு வகையினர். நாகூர் தர்காவின் ஆஸ்தான வித்துவானாக விளங்கிய எஸ்.எம்.ஏ. காதர் அவர்கள் இவ்வகைக்குச் சிறந்த சான்று. ஆர்மோனியம், தபலா, டோலக் ஆகியவற்றோடு தொடங்கிப் பின்னர் கீபோர்டையும் சேர்த்துக்கொண்ட மேடைக் கச்சேரிக் குழுக்கள் மூன்றாம் வகை. இம்மூன்றுக்கும் அப்பால், தக்கலையில் பீர்முகம்மது அப்பா (ரஹ்) அவர்களின் நினைவு விழாவில், அவர்கள் இயற்றிய ஞானப்புகழ்ச்சியை ஊர் மக்களே கூடியிருந்து இரவு முழுதும் பாடும் மரபும் உண்டு. அங்கே பாடுவோரும் கேட்போரும் ஒருவரே. அறுநூறுக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட ஒரு நூல் அச்சிலே மட்டும் தங்கிவிடாமல் ஓர் ஊரின் நாவிலே வாழ்வது தமிழிலக்கிய உலகில் எளிதாகக் காணக் கிடைப்பதன்று.

இக்களத்தை நம் பார்வையிலிருந்து மறைப்பது ஒரு பெருங்குரல். 1925-இல் பிறந்து, 2015 ஏப்ரல் 8-ஆம் நாள் மறைந்த இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிபா அவர்களின் குரலே அது. அன்னாரின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஒலிபெருக்கி இல்லாமலே பெருந்திடலின் கடைசி வரிசைக்கும் எட்டத்தக்க கணீர் குரலும், சொல் சிதையாத உச்சரிப்பும் அவருக்கு வாய்த்திருந்தன. இசைத்தட்டும் வானொலியும் ஒலிநாடாவும் அக்குரலைக் கடல்கடந்தும் கொண்டு சேர்த்தன. ‘ஈச்சமரத்து இன்பச் சோலையில்’ என்னும் பாடலால் நினைவுகூரப்படும் காயல் ஷேக் முகம்மது அவர்களும் அதே ஒலிப்பதிவு வழியாகவே நம் இல்லங்களை வந்தடைந்தார்.

ஒலிப்பதிவு பாடலைப் பரப்பியது போலவே அதன் வடிவத்தையும் வரையறுத்தது. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசையே அடங்கும். எனவே ஒரு பல்லவி, இரண்டு அல்லது மூன்று சரணம், இடையே சிறிய வாத்திய இசை என்னும் அளவிலே பாடல்கள் அமைந்தன. மேடையிலோ பாடகர் தொகையறாவை விரித்துப் பாடலாம். ஓர் அடியை நான்கு முறை திருப்பி, ஒவ்வொரு முறையும் வேறொரு சொல்லுக்கு அழுத்தம் கொடுக்கலாம். அவையின் மனம் ஓரிடத்தில் நிற்பதைக் கண்டால் தாமும் அங்கேயே நிற்கலாம். இன்றைய குழுக்கள் பல, ஹனிபா அவர்களின் பாடலை இசைத்தட்டில் உள்ள இடையிசையோடும் அதே மூன்று நிமிட அளவோடும் பாடி முடித்துவிடுகின்றன. அவையும் ‘அப்படியே ஹனிபா’ என்று பாராட்டிவிடுகிறது. தமக்கு இயல்பல்லாத சுருதியில் தொண்டையை வருத்திப் பாடும் இளைஞர், தம் குரலின் இயல்பான அழகைக் காட்ட வாய்ப்பின்றியே மேடையிலிருந்து இறங்குகிறார். பதிவைக் கேட்டுப் பழகிய செவி மேடையிலும் பதிவையே தேடுவதால் நேரும் இழப்பு இது.

அவ்வாறாயின் நேரில் நிகழும் பாட்டை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? நம் மரபிலேயே அதற்கு ஒரு வழிகாட்டல் உண்டு. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலில் ஸமாவு எனப்படும் இசை கேட்டலுக்கெனத் தனிப் பகுதி ஒன்றை அமைத்துள்ளார்கள். கேட்டலின் ஒழுங்குகளைக் கூறுமிடத்து, நேரம், இடம், உடனிருப்போர் என்னும் மூன்றையும் கருதவேண்டும் என்ற ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்களின் கருத்தை எடுத்துரைக்கிறார்கள். ஆன்மிக ஒழுக்கத்தின் பொருட்டுச் சொல்லப்பட்ட இம்மூன்றையும் மேடைக் கலையை அளக்கும் கருவிகளாக நாம் இரவல் பெறலாம்.

நேரத்தை எடுத்துக்கொள்வோம். மரபான கச்சேரி இறைபுகழில் தொடங்கும். அடுத்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் புகழ். பின்னர் விழாவுக்குரிய இறைநேசரின் புகழ். அதன்பின் வரலாற்றுப் பாடல்கள், அறிவுரைப் பாடல்கள் என நிரல் விரியும். இஷா தொழுகைக்குப் பின் தொடங்கி நள்ளிரவையும் கடந்து நீண்ட இந்நிரலுக்கு, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் புதிய எல்லையை வகுத்தன. இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது பொது விதி. சிறப்பு நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை தளர்வு அளிக்கலாம். பொதுநலன் கருதிய இவ்விதியைக் குறைகூற இயலாது. ஆயினும் தளர்வு கிடைக்காத ஊரில், இஷாவுக்கும் 10 மணிக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே குழுவின் கையில் எஞ்சுகிறது. வரவேற்புரைக்கும் பொன்னாடைக்கும் போக மீந்த நேரத்தில், நீண்ட கிஸ்ஸாக்களும் முனாஜாத்துகளும் முதலில் கைவிடப்படுகின்றன. எல்லோரும் அறிந்த பத்துப் பாடல்கள் தங்கிவிடுகின்றன. இந்நெருக்கடியிலும் ஒரே ஒரு முனாஜாத்தை முழுமையாகப் பாட இடம் வைத்துக்கொள்ளும் குழுவே நிரலமைக்கத் தெரிந்த குழு என்போம்.

இடம் என்பது இரண்டாவது அளவுகோல். தர்கா முற்றத்துக்கு ஏற்ற பாடல் மணவீட்டுக்கு ஏற்காது. மீலாது மேடையின் வீறு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா வீட்டில் பொருந்தாது. இப்பொருத்தத்தை நுட்பமாக அறிந்தவர்கள் பக்கீர்கள். குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) அவர்களின் கண்ணிகளை அவர்கள் விரும்பி எடுத்தாள்வதற்குத் தக்க காரணம் உண்டு. கண்ணி என்பது ஈரடியில் முடியும் சிறு பாட்டு. ஒவ்வொன்றும் ஒரே விளியில் நிறைவுறும். எனவே வாசலில் நின்று ஐந்து கண்ணிகளோடு முடிக்கவும் முடியும். விழா இரவில் ஐம்பது வரை நீட்டவும் முடியும். ஒருவர் அடியைத் தொடங்க, மற்றவர் விளியை ஏந்திக்கொள்ள, முன்னவர் மூச்சு வாங்கிக்கொள்ள இடம் கிடைக்கிறது. யாப்பும் தாயிராவும் நடையும் ஒன்றுக்கொன்று துணைநிற்கும் இவ்வமைப்பை ஏட்டைப் பார்த்து உணர்ந்துவிட முடியாது.

மூன்றாவது, உடனிருப்போர். கச்சேரித் துண்டறிக்கைகளில் பெரும்பாலும் ‘இன்னார் குழுவினர்’ என்ற அளவோடு பெயர் முடிந்துவிடும். பாடகர் வரி மாறும்போது தாளத்தைத் தாங்கிப் பிடிக்கும் தபலாக்காரரும், பின்பாட்டுக் குரல்களும் பெயரற்றவர்களாகவே மேடையை விட்டு இறங்குகின்றனர். செலவைச் சுருக்கும் பொருட்டு, முன்கூட்டிப் பதிந்த வாத்திய இசையை ஓடவிட்டு அதன்மேல் ஒருவர் மட்டும் பாடும் வழக்கமும் பரவி வருகிறது. பொருள்வசதி குறைந்த விழாக் குழுவின் இக்கட்டு நமக்குப் புரிகிறது. எனினும், பதிந்த இசை எவருக்காகவும் காத்திருப்பதில்லை. அவையில் ஒரு முதியவர் கண்கலங்கும் வரியைத் திருப்பிப் பாட அதில் இடமில்லை. உடனிருப்போரை இழந்த இடத்தில் நேர்நிகழ்வின் உயிரும் பாதி போய்விடுகிறது.

பெயரிடுதல் எத்தகைய மாற்றத்தை உண்டாக்கும் என்பதற்கு நாகூரிலேயே சான்று உண்டு. 2004 ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட ஆறு நாடுகளின் மக்களிசையைத் தொகுத்துச் சென்னையின் எர்த்சிங்க் நிறுவனம் 2007-இல் ‘லயா புராஜெக்ட்’ என்னும் படத்தையும் இசைத்தொகுப்பையும் வெளியிட்டது. நாகூர் தர்காவின் பாடகர்கள் அதில் இடம்பெற்றனர். அதே நிறுவனத்தின் ‘நாகூர் செஷன்ஸ்’ தொகுப்பு, அப்துல் கனி, அஜா மைதீன், சாபுர்மைதீன் பாபா சாபீர் ஆகிய மூவரின் பெயரையும் தாங்கி வந்தது. அத்தொகுப்பில் பிற நாட்டு வாத்தியங்களின் சேர்க்கை சிலவிடங்களில் சொல்லை மூடிவிடுகிறது என்ற குறை நமக்கு உண்டு. தமிழறியாதார்க்கு அது குறையாகத் தோன்றாது. சொல்லுக்காகவே கேட்கும் நமக்குத் தோன்றும். ஆயினும் தர்கா வாசலில் பாடுவோரைப் பெயர்கொண்ட கலைஞர்களாக அத்தொகுப்பு உலகின் முன் நிறுத்தியதை மறுப்பதற்கில்லை. வெளியார் செய்த இக்கடமையை, சொல்லை அறிந்த நாம் இன்னும் செம்மையாகச் செய்திருக்கலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கந்தூரியும் இசைக்கருவியும் மார்க்கத்துக்கு உகந்தவை அல்ல என்னும் குரல் 1980-களுக்குப் பின் தமிழகத்தில் வலுப்பெற்றது. பல ஊர்களில் கச்சேரிகள் நின்றதற்கு அதுவும் காரணம். இசைக்கருவி பற்றி மார்க்க அறிஞரிடையே நெடுங்காலமாகவே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்த்துவைக்கும் தகுதியை இக்கட்டுரை கோரவில்லை. ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். மேடை மறையும்போது கருவி மட்டும் மறைவதில்லை. கிஸ்ஸா, முனாஜாத், கண்ணி எனப் பாடுவதற்கென்றே இயற்றப்பட்ட நம் இலக்கியத்தின் மெட்டும் உச்சரிப்பும் உடன் மறைகின்றன. கச்சேரியை ஏற்காதவரும் இவ்விலக்கியத்தைத் தம் உடைமை என்றே கருதுவர். கருவியின்றிப் பாடும் குரலைப் பதிந்து வைப்பதில் இரு சாராரும் கைகோக்கத் தடையேதும் இருப்பதாகத் தெரியவில்லை.

செய்ய வேண்டியவை கடினமானவையும் அல்ல. விழாக் குழுவினர் துண்டறிக்கையில் பக்கவாத்தியக்காரர் உள்ளிட்ட அனைவர் பெயரையும், பாடலாசிரியர் பெயரையும் அச்சிடலாம். நிகழ்ச்சியில் ஒரு பகுதியையேனும் பழம்பாடலுக்கென ஒதுக்குமாறு குழுவிடம் முன்கூட்டியே கேட்கலாம். கல்லூரிகளில் இஸ்லாமியத் தமிழிலக்கியம் பயிலும் மாணவர்கள், தம் ஊர்ப் பக்கீர் எந்தக் கண்ணியை எந்த மெட்டில் பாடுகிறார் என்பதைக் கைப்பேசியிலேயே பதிந்து, இடமும் நாளும் பெயரும் குறித்து வைக்கலாம். கேட்கச் செல்லும் நாம், ‘ஹனிபா போல் இருக்கிறதா’ என்ற கேள்வியைச் சற்றே ஒதுக்கிவிட்டு, இந்த நேரத்துக்கும் இந்த இடத்துக்கும் இக்கூட்டத்துக்கும் இப்பாடகர் எதைத் தேர்ந்தார், எப்படிச் சொன்னார் என்று செவிமடுக்கலாம். வரும் கந்தூரிப் பருவத்தில் அவரவர் ஊரில் ஒரு குழுவையேனும் இவ்வாறு கேட்டு, அவர்தம் பெயர்களை எழுதிவைக்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம்.