தோற்கத் தெரியாத ஒயின்

பழைய ஒயினின் போத்தலை உறை போட்டு மறைத்து ருசிபார்ப்பது அதற்குச் செய்யும் மரியாதைக் குறைவு என்று அண்மையில் ஒரு நண்பர் வாதிட்டார். செம்பவாங்கில், முன்னாள் கடற்படைத் தளத்துப் பக்கம், அவ்வப்போது கூடும் சிறு குழு ஒன்றுக்கு அவர்தான் அச்சாணி. ஆளுக்குக் கணிசமான பங்குப் பணம், மேசைமேல் ஆறேழு போத்தல்கள். பெரும்பாலும் பீட்மாண்டின் பரோலோ, இடையிடையே ஒரு பார்பரெஸ்கோ அல்லது புருனெல்லோ. எல்லாம் பழைய முறையில் செய்து இருபது முப்பது ஆண்டு கிடந்தவை. அவர் வாதத்துக்கு அறையில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அந்த ஒயினை நேசிப்பவர்கள் சொல்லக்கூடாத வாதம் அது என்பது என் எண்ணம்.

முதலில், மறுக்க முடியாதவை. பழைய முறைப் பரோலோ உயர்ந்த பொருள். நெபியோலோ திராட்சையின் தோலைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்து, ஸ்லவோனிய ஓக்கில் செய்த மிகப்பெரிய பழைய பீப்பாய்களில் பொறுமையாக வைத்திருக்கிறார்கள். சட்டம் கேட்பது 38 மாதம், அதில் 18 மாதம் மரத்தில். ரிசெர்வா என்று போட 62 மாதம். ஜாகோமோ கொன்டெர்னோ வீட்டு மொன்ஃபொர்டினோ இந்தக் கணக்கையெல்லாம் தாண்டிப் பீப்பாயில் கிடக்கும். இளமையில் நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு வயதில் தளர்கிறது. நிறம் செங்கல்லாகிறது. தாரும் காய்ந்த ரோஜாவும் ஈர மண்ணும் ஒரே மூச்சில் வரும். நல்ல போத்தல் வாய்த்தால் அதற்கு ஈடு சொல்ல எனக்கு வேறு சிவப்பு ஒயின் தெரியாது.

இந்த முறை பிழைத்ததே பெரிய காரியம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1983-இல் பரோலோ செய்பவரான எலியோ அல்தாரே தன் தந்தையின் பழைய பீப்பாய்களை மின்வாளால் அறுத்துப் போட்டார். 225 லிட்டர் பிரெஞ்சுச் சிறு பீப்பாயான பாரிக் அந்த இடத்தைப் பிடித்தது. அமெரிக்க விமர்சகர்கள் அதற்கு மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்தார்கள். பழைய முறைக்காரரான பார்த்தோலோ மஸ்கரெல்லோவோ, பாரிக்கும் வேண்டாம் பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று கைப்பட லேபிள் வரைந்துகொண்டிருந்தார். இன்று காற்று அவர் பக்கம். அன்று பழைய முறையை அழுக்குப் பீப்பாய் என்று கேலி செய்தவர்களில் சிலர் இன்று அதற்குத்தான் வரிசையில் நிற்கிறார்கள். நிற்கட்டும்.

என் குறை ஒயினைப் பற்றியது அல்ல, ருசிபார்க்கும் முறையைப் பற்றியது. லேபிளைப் பார்த்துக்கொண்டே குடிக்கும் இந்தச் சபைகளில் பழைய முறை ஒயின் தோற்பதற்கு வழியே வைக்கப்படவில்லை. எட்டு வயதில் கசந்து இறுகி நின்றால், "இன்னும் கண் திறக்கவில்லை". பதினைந்தில் ஊமையாக இருந்தால், "இப்போது மூடிக்கொண்டிருக்கிறது, ஐந்து வருடம் கழித்துப் பாருங்கள்". நாற்பதில் வெளிறித் தண்ணீராகிவிட்டால் "மென்மை". காடி வாடை அடித்தால் "உயிர்ப்பு". குதிரை லாயமும் பழைய மருந்துக் கட்டும் மணந்தால் "அந்தக் காலக் கையெழுத்து". காற்றுப் பட்டுச் செத்து சோயா சாஸ் போல இருந்தால் "மூன்றாம் கட்ட நறுமணம்". எந்த விளக்கமும் பலிக்காதபோது கடைசி அடைக்கலம் ஒன்று உண்டு: "இந்தப் போத்தல் சரியில்லை." ஒயின் சரியில்லை என்ற வாக்கியம் மட்டும் அந்த அறையில் பிறப்பதில்லை.

ஒவ்வொரு சமாதானமும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம். நெபியோலோ நடுவயதில் மூடிக்கொள்வது உண்மை. தக்கைக்குத் தக்கை வேறுபாடும் உண்மை. ஒரே பெட்டியில் இரண்டு போத்தல் இரண்டு விதமாக வரும். ஆனால் எல்லாச் சமாதானங்களும் ஒரே ஆளின் கையில் தயாராக இருந்து, எது தேவையோ அதை எடுத்து வைக்க முடிகிறபோது, அங்கே மதிப்பீடு என்று எதுவும் நடப்பதில்லை. லேபிள் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டது; நாக்கு அதற்குக் காரணம் தேடுகிறது. மார்கழிக் கச்சேரியில் முதிய வித்வானின் சுருதி விலகும்போது முன்வரிசை "ஆகா, அனுபவம்" என்று தொடையில் தட்டுமே, அந்த ரசனைதான் இது. திரைக்குப் பின்னால் இருபது வயதுப் பையன் அதே சுருதியில் பாடியிருந்தால் அதே முன்வரிசை கேண்டீனுக்குப் போயிருக்கும்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. போர்தோவில் ஆய்வாளர் ஃப்ரெடரிக் ப்ரோஷே ஒரே ஒயினை, ஒருமுறை சாதாரண மேசை ஒயின் போத்தலிலும் இன்னொருமுறை உயர்தரப் போத்தலிலும் கொடுத்தார். சொற்கள் தலைகீழாயின, முன்னதில் சப்பென்றிருந்தது பின்னதில் ஆழமாயிற்று. கலிபோர்னியா மாநிலப் போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் நடுவர்களுக்கு ஒரே போத்தலிலிருந்து மூன்று முறை, அவர்களுக்குத் தெரியாமல் ஊற்றச் செய்தார். தன் சொல்லில் தானே நின்றவர் பத்தில் ஒருவர் அளவே என்று 2008-இல் எழுதினார். இரண்டும் முதிர்ந்த இத்தாலிய ஒயினைப் பற்றிய ஆய்வுகள் இல்லைதான். ஆனால் லேபிள் இல்லாமலே தடுமாறுகிற நாக்கு, லேபிளோடு நேர்மையாகிவிடும் என்று நம்பச் சொல்வது அதிகம்.

நம் ஊரில் இது இன்னும் மோசம். முதிர வேண்டிய ஒயினுக்கு வேண்டியது 12, 13 டிகிரி குளிர், அதுவும் ஆண்டு முழுக்க ஆடாமல். இங்கே நடுஇரவில்கூட 25 டிகிரி. நம் மேசைக்கு வரும் முப்பது வயதுப் போத்தல் பரோலோ விளையும் லாங்கே குன்றிலிருந்து நேரே வந்ததில்லை. ஏலக் கூடம், இரண்டு மூன்று உரிமையாளர்கள், கப்பல் கொள்கலன், துறைமுகத்து வெயில், ஒரு கோடையில் மின்சாரம் போன குளிர்ப்பெட்டி என்று எதை வேண்டுமானாலும் அது பார்த்திருக்கலாம். வெந்துபோன ஒயினின் ருசியும் வயதான ஒயினின் ருசியும் பல இடங்களில் ஒட்டி நிற்பவை. எனவே இங்கே "முதிர்ச்சி" என்று நாம் கண்மூடி ரசிப்பதில் ஒரு பங்கு வெறும் சூடு என்பது என் நெடுநாள் சந்தேகம். போத்தல் எங்கே கிடந்தது, கழுத்தில் ஒயின் எவ்வளவு இறங்கியிருக்கிறது, தக்கை எப்படி வந்தது என்று கேட்டால் நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள், பெண் பார்க்கப் போன இடத்தில் சம்பளச் சீட்டைக் கேட்டுவிட்டது போல. பக்கத்து நாட்டில் பிறந்த ரூடி குர்னியவான் அமெரிக்காவில் போலிப் பழைய ஒயின் விற்ற வழக்கில் 2013-இல் குற்றவாளியானார். அவரிடம் ஏமாந்தவர்கள் கற்றுக்குட்டிகள் அல்ல. லேபிளை நம்பி ருசித்த பழுத்த நாக்குகள்.

இடையில் ஒன்று. நம் சுங்கத்துறை வயதைப் பார்ப்பதில்லை. தூய ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி. 14 விழுக்காட்டுப் போத்தல் ஒன்றுக்கு ஒன்பது வெள்ளிச் சொச்சம், அது இருபது வெள்ளி ஒயினானாலும் இரண்டாயிரம் வெள்ளி ஒயினானாலும். இந்த விவகாரத்தில் லேபிளுக்கு மயங்காதவர்கள் அவர்கள் மட்டும்தான்.

நண்பர் அரிக்கமேட்டையும் இழுத்தார். இத்தாலிய மது ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே நம் கரைக்கு வந்தது, யவனர் கொண்டுவந்த தேறல் புறநானூற்றில் இருக்கிறது, ஆகவே இது நமக்கு அந்நிய ரசனை அல்ல என்றார். உண்மைதான், கம்பானியாவின் மதுச் சாடிகள் அங்கே கிடைத்திருக்கின்றன. ஆனால் மரப்பிசின் பூசிய சாடியில் வந்த அந்த மதுவுக்கும் நம் மேசையில் இருப்பதற்கும் என்ன உறவு? பெருமை பேச நல்ல செய்தி, ருசிக்கு உதவாது. எனக்கு நெருக்கமான முன்னோர், 1970களின் இறுதிவரை இந்தத் தீவில் இருந்த கள்ளுக்கடைகளில் நின்று குடித்தவர்கள். அந்தக் கள் எத்தனை குடும்பங்களைக் குடித்தது என்பது தெரியும், புகழ வரவில்லை. ஆனால் கள் புளித்துப்போனால் புளித்துப்போச்சு என்று சொல்லிக் குவளையைத் தள்ளிவைக்க அவர்களுக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

மறைத்து ருசித்தால் கனத்த, கறுத்த, பழச்சாறு போன்ற ஒயின்களே ஜெயிக்கும், வெளிறிய பழைய நெபியோலோ அடிபடும் என்பது நண்பரின் வலுவான வாதம். கலிபோர்னியாவோடு போட்டி வைத்தால் அப்படித்தான் ஆகும். யார் அப்படி வைக்கச் சொன்னது? எல்லாமே பரோலோவாக, ஒரே விளைச்சல் ஆண்டாக இருக்கட்டும். அதில் ஒன்று 1990களின் பாரிக் ஆசாமிகள் செய்தது. இன்னொன்றை இரண்டு குவளையில், இரண்டு எண்ணில் ஊற்றுங்கள். ஒவ்வொரு போத்தலும் இருந்த இடத்தின் வரலாற்றை ஒரு தாளில் எழுதி மூடிவையுங்கள். எல்லோரும் குறிப்பு எழுதிக் கொடுத்த பிறகு உறையைப் பிரியுங்கள். இருபத்தைந்து ஆண்டில் ஓக்கின் வெனிலா அடங்கிப் பழையதுக்கும் புதியதுக்கும் வேறுபாடு மங்கிவிடுகிறது என்று பலர் சொல்வதுண்டு. அது உண்மையா என்று அன்றைக்கே தெரியும். மொன்ஃபொர்டினோ அங்கேயும் நிமிர்ந்து நிற்கக்கூடும், நிற்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

இதைச் சொன்னபோது கிடைத்த பதில்: "லேபிளை மறைச்சா, இவ்வளவு காசு போட்டு யாருண்ணே வருவாங்க?" நான் வருவேன். இப்போதைய முறையில் நடக்கும் அடுத்த கூட்டத்துக்குப் பங்குப் பணம் கட்டப்போவதில்லை.