அடிதடிக் கதைக்கு இரண்டு பேனா

தேவர் பிலிம்ஸ் படங்களின் டைட்டிலில் கதாசிரியர் பெயர் வரவேண்டிய இடத்தில் 'தேவர் பிலிம்ஸ் கதை இலாகா' என்று வருவதுண்டு. நம் அடிதடிப் படங்கள் பலவும் இப்படிக் கூடி உட்கார்ந்து பேசிப் பிறந்தவைதாம். கோடம்பாக்கம் அதை டிஸ்கஷன் என்கிறது. ஒரே ஆள் இருபது பேரைப் புரட்டியெடுக்கும் காட்சியை எழுதும்போது எழுதுகிறவருக்கே வேகம் ஏறிவிடும். "அவன் ஏன் இதைச் செய்யணும்?" என்று கேட்க எதிரில் ஒருவர் வேண்டும். அவர்தான் அந்தக் கதையின் முதல் ரசிகர்.

இந்தித் திரைக்கதை எழுத்தாளர்களான சலீம் கான் - ஜாவேத் அக்தர் இரட்டையரின் தொடக்கமே ஒரு பழுதுபார்ப்பு. 1967இல் அதே தேவர் பிலிம்ஸின் சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த 'தெய்வச் செயல்' ஓடவில்லை. அவர் கதையைக் கைவிடவில்லை. இந்தியில் ராஜேஷ் கன்னாவை வைத்து எடுக்க முனைந்தபோது திரைக்கதையைச் செப்பனிடும் வேலை இவர்களிடம் வந்தது. 1971இல் 'ஹாத்தி மேரே சாத்தி' பெரும் வெற்றி. மறு ஆண்டே எம்.ஜி.ஆர். நடிக்க 'நல்ல நேரம்' ஆகத் தமிழுக்குத் திரும்பியது. ரசிகர் நிராகரித்த கதையைத் திருத்தி அவரிடமே கொடுத்து ஜெயித்ததற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்த இருவரின் உச்சம் 'ஷோலே' (1975). ஹோலிப் பண்டிகையில் கொள்ளையன் கப்பர் சிங்கின் கும்பல் ஊருக்குள் புகுகிறது. அவனைப் பிடிக்க முன்னாள் போலீஸ் அதிகாரி தாக்கூர் வரவழைத்த வீருவும் ஜெய்யும் சிக்கிக்கொள்கிறார்கள். தாக்கூரின் காலடியில் துப்பாக்கி கிடக்கிறது. அவர் குனிந்து எடுத்துத் தரவில்லை. தியேட்டரில் எல்லோருக்கும் எரிச்சல் வரும். சண்டை ஓய்ந்ததும் அதே எரிச்சலை நண்பர்கள் இருவரும் தாக்கூரின் முகத்துக்கு நேரே கொட்டுகிறார்கள். அதற்குப் பதிலாகத்தான் ஃபிளாஷ்பேக் விரிகிறது. சால்வைக்குள் கைகள் இல்லை என்பது தெரிகிறது. ரசிகர் கேட்கப்போகும் லாஜிக் கேள்வியை முன்கூட்டியே பிடித்து, பாத்திரத்தின் வாயில் வைத்து, அதையே கதையின் மையத் திருப்பமாக்கிவிட்டார்கள். அதன்பின் படம் எவ்வளவு மிகைக்குப் போனாலும் நாம் உடன் போகிறோம்.

படம் வெளியானதும் முதலில் வந்த பேச்சு சாதகமாக இல்லை. ஜெய் சாகாமல் பிழைப்பதுபோல் முடிவை மாற்றி எடுக்கலாமா என்றுகூட யோசித்தார்கள். மாற்றவில்லை. ஒவ்வொரு முக்கிய ஏரியாவிலும் படம் ஒரு கோடி ரூபாய் வசூலிக்கும் என்று எழுத்தாளர்கள் இருவரும் தொழில் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார்கள். பம்பாய் மினர்வா தியேட்டரில் படம் ஐந்து ஆண்டுகள் ஓடியது. ஜெய்யின் சாவு வலித்தது என்று ரசிகர் சொன்னால் காட்சி வேலை செய்திருக்கிறது என்று பொருள். வலியைச் சொல்லும் கருத்தையும் சலிப்பைச் சொல்லும் கருத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். திருத்த வேண்டியது இரண்டாவதைத்தான். தாக்கூர் தன் கால்களால் கப்பரைக் கொல்லும் முடிவைத் தணிக்கைக் குழு ஏற்காததால், போலீஸ் வந்து தடுப்பதாக மாற்றி எடுத்தார்கள். ரசிகர் கேட்காத அந்த மாற்றம்தான் படத்தின் பலவீனம்.

தமிழில் சுரேஷ், பாலகிருஷ்ணன் இருவரும் 'சுபா' என்ற ஒரே பெயரில் எழுதி, பாக்கெட் நாவல் வாசகரிடம் தேர்ந்த பின் 'அயன்' (2009), 'கோ' (2011) படங்களில் இயக்குநர் கே.வி. ஆனந்துடன் பணியாற்றினார்கள். அத்தியாயக் கடைசியில் வாசகனை நிறுத்திவைக்கும் பழக்கம் அந்தப் படங்களின் துரத்தல்களில் தெரியும். லோகேஷ் கனகராஜின் 'கைதி' (2019) வசனத்தில் பொன் பார்த்திபனும், 'விக்ரம்' (2022) வசனத்தில் ரத்னகுமாரும் உடன் எழுதியவர்கள். 'கைதி'யின் கடைசியில் நாயகன் டில்லி இயந்திரத் துப்பாக்கியால் ஒரு படையையே சாய்ப்பதை நாம் நம்புகிறோம் என்றால், பார்த்தேயிராத மகளைப் பார்க்கப் போகிறவன் அவன் என்று முன்பே நமக்குள் ஏற்றிவிட்டதுதான் காரணம்.

'ஜஞ்சீர்' (1973) சுவரொட்டிகளில் பெயர் இல்லாததால், சலீமும் ஜாவேதும் ஆள் வைத்து பம்பாய் முழுக்கத் தங்கள் பெயரை எழுதவைத்தார்கள். நம் டிஸ்கஷன் அறைகளில் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு சண்டைக்கு நியாயம் தேடித் தந்த பலருடைய பெயர் இன்றும் டைட்டிலில் வருவதில்லை. தயாரிப்பாளர்களும் இயக்குநர்களும் அந்தப் பெயர்களைப் போட வேண்டும். திரைக்கதைகளைப் புத்தகமாகவும் கொண்டுவர வேண்டும்.