ஏரைச் சுவரில் மாட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

போன மாதம் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறையில் பழைய நாட்டு ஏர் ஒன்றைப் பார்த்தேன். வார்னிஷ் பளபளத்தது. கொழுவைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கியிருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஏர்க்காலின் முன்நுனியை ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள். கேட்டதற்கு, "செவுத்துக்கு நீளமா இருந்துச்சு சார்" என்றார் அங்கிருந்தவர்.

விறகாகப் போகாமல் காப்பாற்றினார்களே, அதுவரை சந்தோஷம்தான். ஆனால் அறுத்துப் போட்டது வெறும் கட்டை இல்லை. நாட்டு ஏரில் உழவின் ஆழத்தை மாற்றத் திருகாணியோ சக்கரமோ கிடையாது. ஏர்க்காலின் நுனிப்பக்கம் நுகத்தடியை எங்கே கட்டுகிறோம் என்பதுதான் கணக்கு. முன்னால் தள்ளிக் கட்டினால் ஏர்க்கால் தாழும், கொழுவின் மூக்கு மண்ணுக்குள் இறங்கும். பின்னால் இழுத்துக் கட்டினால் மேலெழும். மாட்டின் கழுத்து உயரம் மாறவில்லை, நீளம் மட்டும் மாறுகிறது. பத்தாம் வகுப்பு முக்கோணக் கணக்குதான். அதற்கான வெட்டுகள் அந்த நுனியில்தான் இருக்கும். மென்பொருளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு செட்டிங்ஸை மட்டும் அழித்த மாதிரி.

அடுத்தவரைக் குறை சொல்லும் முன் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரிப் பக்கம் தாத்தா வீட்டுப் பரணிலிருந்து ஒரு ஏரை இறக்கினேன். கூடவே கயிறு சுற்றிய மூங்கில் குழாய் ஒன்று, மேலே கிண்ணம் மாதிரிக் குடைந்த மரத்துண்டு. கரையான் அரித்திருந்தது. குப்பை என்று நினைத்து எரித்துவிட்டேன். ஏருக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய் பூசி, போட்டோ எடுத்து, நண்பர்களுக்கு அனுப்பினேன்.

ரொம்ப நாள் கழித்து தரம்பாலின் 1971ஆம் ஆண்டுப் புத்தகத்தைப் படித்தேன். 18ஆம் நூற்றாண்டு இந்திய அறிவியல், தொழில்நுட்பம் பற்றி ஐரோப்பியர்கள் எழுதியவற்றின் தொகுப்பு அது. தென்னிந்திய விதைப்புக் கருவி பற்றி 1797இல் கேப்டன் ஹால்காட் எழுதியதும் அதில் இருக்கிறது. இப்படி ஒரு கருவி ஐரோப்பாவின் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்த மனுஷன், இங்கே சாதாரண விவசாயிகள் அதை வெகுகாலமாகப் பயன்படுத்துவதைப் பார்த்து அசந்துபோகிறார். கிண்ணத்தில் ஒரு பிடி விதை; கிண்ணத்தின் துளைகள் வழியே மூங்கில் குழாய்களில் இறங்கி, ஒரே நேரத்தில் பல சாலில் விழும். சாதாரண ஏரின் பின்னால் ஒற்றைக் குழாயைக் கட்டினால், நடுவே ஒரு வரிசை பயறு போடலாம். நான் எரித்தது அந்த ஒற்றைக் குழாயை.

என் வருத்தம் அந்தக் கருவியோடு முடியவில்லை. மேழி பிடிப்பது ஆண். ஆனால் அந்தக் கிண்ணத்தில் விரல் இடுக்கு வழியாக விதை விட்டுக்கொண்டே கூட நடந்தது பெரும்பாலும் பெண். மாட்டின் வேகத்துக்கு ஏற்ப விரலைத் திறந்து மூட வேண்டும். சீராக விடாவிட்டால் பயிர் ஓரிடத்தில் அடர்த்தி, ஓரிடத்தில் சொட்டை. என் பாட்டியின் கைப்பழக்கம் பதிந்த ஒரே பொருளை அடுப்பில் போட்டுவிட்டு, தாத்தாவின் ஏரைப் "பாரம்பரியம்" என்று மாட்டி வைத்திருக்கிறேன். சுவரில் தொங்கும் ஏர்களில் பெண்ணைத் தேடினால் கிடைக்காது. நாம்தான் துணைக்கருவி என்று கழற்றிவிட்டோமே.

அதனால் பழைய ஏரை மீட்டெடுக்கும் நண்பர்களுக்குச் சொல்வது இதுதான். முதல் நாள் எதையும் கழுவாதீர்கள், அறுக்காதீர்கள். கூடக் கிடக்கும் கயிறு, ஆப்பு, மூங்கில், ஓட்டைக் கிண்ணம் எல்லாவற்றையும் படம் எடுத்து அளந்து வையுங்கள். கொழுவைப் பளபளப்பாக்க வேண்டாம். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதே ஒரு தகவல். உதிரும் துருவை மட்டும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு எண்ணெய் தடவினால் போதும்.

முக்கியமாக, அதைக் கட்டி ஓட்டிய ஒருவர் உயிரோடு இருந்தால் அவரை உட்கார வைத்துக் கேளுங்கள். வீட்டுப் பெண்களிடமும் கேளுங்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாட்டி சொல்லியிருப்பார், அந்தக் குழாய் எதற்கென்று.