சக்கரம் கிடைத்தது, சாலை கிடைத்ததா?

பி. சாய்நாத் 1996இல் வெளியிட்ட 'எவரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' நூலில் புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்ற வரலாறு இடம்பெற்றுள்ளது. 1990களின் தொடக்கத்தில், அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்பித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் கற்றனர் என்கிறது அந்நூல். நம் சமுதாயப் பெண்களும் அவர்களுள் இருந்தனர்.

இதனைத் துணிவின் வரலாறாகவே பலரும் வாசித்துள்ளனர். அவ்வாசிப்பு தவறன்று, ஆனால் போதாது என்பதே நம் கருத்து.

நூலில் வரும் சிறு செய்தி ஒன்று ஊன்றி நோக்கத்தக்கது. பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது அவர்கள் ஆண்கள் சைக்கிளை ஓட்டினர். சிலர் அதையே விரும்பவும் செய்தனர். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்த முடிந்தது. பெண்களுக்கென்று வடிவமைத்தவர்கள் அவர்களுடைய உடையை எண்ணினார்களேயன்றி உழைப்பை எண்ணவில்லை.

வாகனத்தைப் பெண்கள் தம் தேவைக்கு இசைவித்துக் கொண்டனர். சாலையை அவ்வாறு இசைவிப்பது தனிமனிதரால் ஆகாது. அமெரிக்கா இதற்குச் சான்று. அங்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் 41,000 மைல் நெடுஞ்சாலைகளுக்கு வழிவகுத்தது. அச்சாலைகள் பல நகரங்களில் எளியோர் குடியிருப்புகளை ஊடறுத்துச் சென்றன. வீதி என்பது வாகனங்கள் விரையும் தடம் மட்டுமன்று, மக்கள் வாழும் இடமும் ஆகும் என்று ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் தம் நூலில் வாதிட்டார். அதற்குள் கார் இல்லாதவரின் அன்றாட வாழ்வு அங்கே சுருங்கத் தொடங்கிவிட்டது.

நாமும் அவ்வழியே செல்லலாமா? 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை, வரவேற்கத்தக்கதே. ஆயினும் நிறுத்தம் வரை அவர்கள் நடந்தாக வேண்டுமே! நடைபாதையைக் கடைச் சரக்கும் நிறுத்திய வண்டிகளும் பங்கிட்டுக் கொள்ளும் வீதியில், அச்சலுகை வாசற்படியிலேயே பாதி குறைந்துவிடுகிறது.

பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இடையூறு செய்யாதிருப்பதும் அவ்வுரிமையில் அடங்கும். நம் கடைவாசலுக்கு முன்னுள்ள இரண்டடி நிலத்திலிருந்து அதனைத் தொடங்கலாம். புதுக்கோட்டைப் பெண்கள் தம் பங்கை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டனர். எஞ்சியிருப்பது நம் பங்கு.